அரைமண்டியும் முட்டியும்

பரதநாட்டியக் கச்சேரியில் எல்லாரும் ஆடுகிறவரின் கண்ணைப் பார்ப்பார்கள். நான் முதலில் முட்டியைப் பார்ப்பேன். ஆட்டத்தின் யோக்கியதை பாதிக்கு மேல் அங்கேயே தெரிந்துவிடும்.

முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி நிலையில் தொடைகள் இரண்டும் இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் முட்டி கால்விரல்களுக்கு நேராக நிற்கும், முதுகு தானாக நிமிரும், அதன்பின் நாட்டடவு என்ற அடிப்படை அசைவில் கை நீளும்போது கோடு கிழித்தாற்போல் இருக்கும். 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியின் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்தக் கோடுகளின் துல்லியம்தான்.

ஆனால் எல்லா இடுப்பும் ஒரேபோல் திரும்பாது. அது எலும்பின் அமைப்பு, சோம்பேறித்தனம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "இன்னும் உட்காரு" என்று தட்டுக்கழியை ஓங்கித் தட்டினால் அது என்ன செய்யும்? பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தொடை ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். நடுவில் முட்டி திருகிக்கொள்ளும். இடுப்பு பின்னால் தள்ளி முதுகு வளையும். அதன்மேல், தரையில் காலைத் தட்டும் தட்டடவு மூன்று வேகத்திலும் விழும். முட்டிச்சில்லின் வலியும் இடுப்புப் பிடிப்பும் பெரும்பாலும் இப்படித்தான் குடிவருகின்றன.

தரையும் சேர்ந்து படுத்தும். காலில் செருப்பு இல்லை. கீழே கிரானைட் அல்லது டைல்ஸ். குதித்து மெட்டு என்ற அடவில் விரல் நுனியில் எழும்பிக் குதிகாலை இறக்கும்போது, அந்த அதிர்வு கணைக்கால் எலும்பு வழியாக மேலே ஏறுகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டே ஆடினால் எலும்பில் மயிரிழை விரிசல்கூட விழும். அடிக்குக் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும் மரத்தளம் போட்டால் எவ்வளவோ தேவலை. அரங்கேற்றத்தில் பட்டுக்கும் பந்திக்கும் லட்சங்களை இறைக்கிறவர்களுக்கு இது மட்டும் ஏனோ தோன்றுவதில்லை.

முறையாக ஆடிய உடலுக்கு நாட்டியம் கொடுப்பதும் கொஞ்சமில்லை. தொடையில் வலு ஏறும், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம் வரும், அரைமணிக்கு மேல் போகும் வர்ணத்துக்கு மூச்சு தாங்கும். கால் தாளத்திலும் கை பாட்டின் பொருளிலும் நிற்க, அடுத்த தாளக்கோவையான தீர்மானத்தை மனம் முன்கூட்டியே எண்ணிக்கொண்டிருக்கும். இத்தனையையும் ஒரே நேரத்தில் பழக்கும் உடற்பயிற்சிக்கூடம் எங்கே இருக்கிறது?

உடல் தளர்ந்தபின் என்ன மிஞ்சும் என்பதற்கு, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த 'பாலா' படம் இருக்கிறது. ஐம்பதைக் கடந்த, கனத்த உடம்பு. மண்டியின் ஆழத்தை அதில் தேடுகிறவர் பாவம். ஒரு புருவ அசைவில், ஒரு கை திரும்புவதில் பாட்டு முழுவதும் வந்து நிற்கிறது.

அடுத்த டிசம்பரில் சபாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்தார் என்பதற்காகக் கைதட்டாதீர்கள். முட்டி விரலுக்கு நேரே நின்றதா என்று பார்த்துத் தட்டுங்கள்.