இல்லாத இடையும் இறங்கிய பேன்ட்டும்

தமிழில் 'அரை' என்றால் பாதி. இடுப்புக்கும் அதுவே பெயர். 'இடை' என்றால் நடு, அதுவும் இடுப்புதான். உடம்பின் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்பதில் இந்தச் சொற்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று கேட்டால், நம் இலக்கியமும் நாம் உடுத்தும் துணியும் நேரான பதில் சொல்வதில்லை. பெண்ணிடம் ஒரு விதமாகவும் ஆணிடம் வேறு விதமாகவும் மழுப்புகின்றன.

கோடு நிலையானதல்ல என்பதை ஐரோப்பிய உடைகளின் வரலாறு வெளிப்படையாகவே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களின் கவுன் மார்புக்குக் கீழேயே சுருங்கிவிடும். 1920களில் அது தொடைக்கருகே இறங்கியது. 1947இல் கிறிஸ்டியன் டியோர் அதை மீண்டும் இடுப்புக்கே கொண்டுவந்து இறுக்கினார். ஒவ்வொரு முறையும் உடம்பு அப்படியேதான் இருந்தது, கோடுதான் நகர்ந்தது.

நம் கவிஞர்கள் கோட்டை நகர்த்தவில்லை, அழித்தார்கள். கொடியிடை, நூலிடை, மின்னலிடை என்று மெலிந்துகொண்டே போன பெண்ணின் இடை, கம்பனிடம் வரும்போது இருக்கிறதா இல்லையா என்ற ஐயமாகிவிடுகிறது. இந்த உயர்வு நவிற்சியை ரசிப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் கொங்கையின் பாரத்தால் இடை ஒடிந்துவிடுமோ என்று கவலைப்பட்ட கவிஞர்கள் பலர். துணியின் பாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவரை நான் வாசித்ததில்லை.

துணிக்குப் பாரம் உண்டு. ஐந்தரை மீட்டர் சேலையும் அதன் கொசுவமும் தொங்குவது உள்பாவாடையின் ஒரு நாடாவில். சேலை நழுவாதிருக்க நாடாவை இறுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கினால் தோல் கறுத்துத் தடிக்கும், சிலருக்குப் புண்ணாகும். 2024இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் இந்திய மருத்துவர்கள் இரண்டு முதிய பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு நாடா அழுத்திய இடத்திலும், மற்றவருக்குச் சேலையை முடிச்சிட்ட இடத்திலும் ஆறாத புண் புற்றாக மாறியிருந்தது. மிக அரிதாக நேர்வது இது. ஆனால் புற்றுக்கு முந்தைய அந்தக் கறுத்த வளையம் அரிதல்ல. கவிதையில் இல்லாமல் போன இடை அங்கே இருக்கிறது, தொட்டுப் பார்க்கும்படி.

ஆணின் கதை வேறு. அவன் தோளுக்கும் மார்புக்கும் உவமைகள் ஏராளம். இடுப்பு பெரும்பாலும் கச்சை கட்டி வாள் செருகும் இடம், அவ்வளவே. பார்க்கப்படாத உறுப்புக்குப் பொய் சொல்வது எளிது. 1950களின் திரைப்படங்களில் நாயகர்களின் பேன்ட் தொப்புளை ஒட்டி நிற்கும். பிறகு அது மெல்ல இடுப்பெலும்புக்கு இறங்கியது. இறங்கியதன் விளைவைக் கடைகளில் பார்க்கலாம். பெண்களின் உடையில் 10, 12 என்று போட்டிருக்கும் எண் எந்த அளவும் அல்ல. பிரித்தானியாவின் 12 அமெரிக்காவில் ஏறத்தாழ 8. ஆண்களின் பேன்ட்டிலோ 34 என்று அங்குலமே எழுதியிருக்கிறது. அதனால் அதை நம்புகிறோம். தொப்பை வளர வளர பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, ஐம்பது வயதிலும் அதே 34 வாங்குகிறவர்கள் நம் விழாக்களில் எத்தனை பேர்!

மருத்துவர் அளக்கும் இடம் அதுவல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடா வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உண்மையான 'இடை' அதுதான். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசிய ஆண்களுக்கு வைத்த எல்லை 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ஐரோப்பிய ஆண்களுக்கோ 94. நம் உடல்வாகில் வயிற்றுக் கொழுப்பு குறைந்த சுற்றளவிலேயே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது என்பதால் இந்த வேறுபாடு. 90 என்பது முப்பத்தைந்தரை அங்குலம். 34 பேன்ட் போடுகிறவர் தான் எல்லைக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்; நாடாவைச் சரியான இடத்தில் வைத்தால் 40 காட்டலாம்.

ஆக, பெண்ணின் இடையைப் புகழ்ந்தே மறைத்தோம். ஆணின் இடையைப் பேசாமலே மறைத்தோம். இரண்டுக்கும் விலை கொடுப்பது உடம்பு.

இதை மருத்துவர்களிடம் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் புலம்பெயர் எழுத்தில் சேலை அநேகமாக அம்மாவின் வாசனையாகவே வருகிறது. பெட்டியில் மடித்து வைத்த ஊர் நினைவாக, மகள் ஒரு நாள் கட்டிப் பார்க்கும் அடையாளமாக. நூறு முறை வாசித்துவிட்டோம். அந்தச் சேலையைக் கட்டியிருந்தவரின் இடுப்பில் இருக்கும் தழும்பை எழுதிய கதை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இருபது வருடமாக அதே ஓட்டையில் மாட்டும் அப்பாவின் பெல்ட்டைப் பற்றியும்தான். இங்கே பிறந்து, இரண்டு விதமான உடையையும் உடுத்தி, எது எங்கே அழுத்துகிறது என்று அறிந்த தலைமுறை ஒன்று இப்போது எழுத வந்திருக்கிறது. அவர்களிடம்தான் கேட்கிறேன்.