சோடா ரொட்டியும் தண்ணி மோரும்

அயர்லாந்து சோடா ரொட்டிக்குத் தமிழில் கிடைக்கிற செய்முறைகளைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தேன். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் ஒரே சொல்லில் சறுக்குகின்றன. அந்தச் சொல் 'மோர்'.

இந்த ரொட்டிக்கு வேண்டியது நாலே நாலு: மாவு, சோடா, உப்பு, மோர். அயர்லாந்தில் விளைகிற கோதுமை மென்மையான ரகம், ஈஸ்ட் ரொட்டிக்குத் தேவையான இழுவை அதில் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா புழக்கத்துக்கு வந்ததும், ஓவன் இல்லாத குடியானவர் வீட்டிலும் ரொட்டி சுட முடிந்தது. கனத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடி மேல் தணலைப் பரப்பினார்கள். நம்ம தம் பிரியாணி உத்திதான்.

இதில் மோர் வெறும் ஈரத்துக்காக இல்லை. அதன் புளிப்பு, அதாவது லாக்டிக் அமிலம், சோடாவோடு சேர்ந்தால்தான் கரியமில வாயு கிளம்பி ரொட்டி எழும்பும். அவர்கள் சொல்கிற மோர், வெண்ணெய் கடைந்தெடுத்த பின் மிஞ்சிய புளித்த மோர். நம்ம பாட்டிமார் மோரும் அதுதான். இன்றைக்கு நாம் மோர் என்பது தயிரில் தாராளமாகத் தண்ணி ஊற்றி ஆற்றியது. அதில் புளிப்பு பத்தாது. வேலை செய்யாத சோடா உள்ளேயே தங்கி, சோப்பு வாடையும் மஞ்சள் நிறமும் கொடுக்கும். என் முதல் ரொட்டி அப்படித்தான் வந்தது. "எழும்பலைன்னா சோடாவைக் கூட்டிப் போடுங்க" என்கிறது ஒரு குறிப்பு. நோயை வளர்க்கிற வைத்தியம்!

இப்போது நான் செய்வது: 450 கிராம் மைதா, தலைதட்டி 1 டீஸ்பூன் சோடா, 1 டீஸ்பூன் உப்பு. 300 மில்லி புளித்த தயிரை 75 மில்லி தண்ணி விட்டுக் கடைந்து ஊற்றுகிறேன். ஆட்டா என்றால் இன்னும் கொஞ்சம் ஈரம் கேட்கும். பாளையங்கோட்டை வெயிலுக்குத் தயிர் புளிக்க ஒரு ராத்திரி போதும்.

அடுத்த குறை, பிசைவது. பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறார்கள். ஈரம் பட்டதுமே வாயு கிளம்பிவிடும். ஊறவைத்தால் அது வீண். சேர்ந்து வந்ததும் உருட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, 220 டிகிரியில் 15 நிமிஷம், 200-இல் இன்னும் 25 நிமிஷம். அடியில் தட்டினால் 'டொக்'கென்று கேட்கணும். முட்டை, சர்க்கரை, உலர்திராட்சை எல்லாம் போட்டால் நல்ல கேக் வரலாம். ஏழை வீட்டு ரொட்டி வராது.

எனக்கு வருத்தம் வேறு. பாளை மளிகைக்கடையில் இந்தச் சோடாவுக்குப் பேரே ஆப்பச் சோடா. புளித்த மாவில்தான் அது வேலை செய்யும் என்பது ஆப்பம் சுடுகிற யாருக்கும் தெரியும். வெளிநாட்டுப் பண்டம் என்றதும் அந்தக் கைப்பழக்கத்தை மறந்துவிட்டு, கிராம் கணக்கை மட்டும் பெயர்த்து எழுதுகிறோம். ஆப்பம் சுடுகிற ஒரு அக்காவிடம் கேட்டிருந்தால், என் முதல் ரொட்டி குப்பைக்குப் போயிருக்காது.