சுண்டியாட்டா காவியமும் மாலிப் பேரரசின் வரலாறும்

ஆபிரிக்கக் கண்டத்துக்கு வரலாறு இல்லை என்னும் கொள்கை மேனாட்டறிஞர் பலரிடம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1837இல் நூலாக வெளிவந்த வரலாற்று மெய்யியல் விரிவுரைகளில், செருமானிய மெய்யியலாளரான ஹெகல், உலக வரலாற்றில் அக்கண்டத்துக்கு இடமில்லையென ஒதுக்கினார். எழுத்தாவணம் இல்லாதவிடத்து வரலாறும் இல்லை என்பது இக்கொள்கையினர் காட்டிய காரணங்களுள் ஒன்று. இதனை மறுத்தெழுந்த நூல்களுள் அளவாற் சிறியதாயினும் சிறப்பாற் பெரியது, கினி நாட்டு வரலாற்றாசிரியர் ஜிப்ரில் தம்சீர் நியான் (1932–2021) பிரெஞ்சு மொழியில் 1960இல் வெளியிட்ட 'சுண்டியாட்டா' ஆகும். மாமது குயாத்தே என்னும் பாணர் வாய்மொழியாகக் கூறியதைக் கேட்டு எழுதப்பட்ட இந்நூலைக் காவியமென்று போற்றுவதா, வரலாறென்று நம்புவதா என்பது ஆராயற்பாலது.

கதை மாலிப் பேரரசின் தோற்றத்தைக் கூறுவது. மன்னனுக்கும் அழகற்றவளெனப் பலராலும் இகழப்பட்ட சொகொலோனுக்கும் பிறந்த சுண்டியாட்டா ஏழாண்டு வரை நடக்கமாட்டாதவன். பின்னர் நாடு துறந்து அயலாரிடம் வாழ்ந்தவன். சொசோ நாட்டு மன்னன் சுமாவோரோவின் கொடுமைக்குள்ளான தன்னவர் வேண்ட, மீண்டு வந்து படை திரட்டி, 1235ஆம் ஆண்டளவிற் கிரினாப் போர்க்களத்தில் அவனை வெல்கின்றான்.

காவியச் சுவைக்கு ஓரிடமே சான்றாகும். சமையலுக்குப் பெருக்கமர இலை கேட்கச் சென்ற சொகொலோனை மூத்த அரசி, மகனைச் சுட்டி இகழ்கின்றாள். தாயின் கண்ணீரைக் கண்ட மகன், கொல்லர் செய்த இரும்புத் தண்டை ஊன்றி எழுகின்றான். தண்டு வில்லாக வளைகின்றது. பின்னர் இலையை அன்று, மரத்தையே வேரோடு பறித்துத் தாயின் வாயிலில் நாட்டுகின்றான். பேரரசொன்றின் பிறப்பை ஓர் அடுக்களைத் தேவையிலிருந்து தொடங்கிக் காட்டும் இத்திறம் எளிதிற் கைகூடுவதன்று. எனினும், இசையோடு நிகழ்த்தப்படுவதனைத் தொடருரைநடையாக்கியமையால் பாட்டின் ஓசையும், கேட்போர் இடையிடையே கூறும் மறுமொழியும் நூலில் மறைந்தன. இக்குறையை 1986இல் ஜோன் வில்லியம் ஜோன்சன் அடிவரையறையோடு பதிப்பித்த வேறொரு பாணரின் பாடத்தோடு ஒப்பிடுவோர் நன்குணர்வர்.

வரலாற்று நோக்கில், நூலில் உள்ளவை யாவும் ஒரு காலத்தனவல்ல. மாலி மன்னரின் மரபை நபிகளின் தோழரான பிலாலோடு இணைப்பதும், நாயகனை மாவீரன் அலெக்சாந்தரோடு ஒப்பிடுவதும் இசுலாம் பரவியபின் படிந்த அடுக்குகளாகத் தோன்றுகின்றன. குயாத்தே குலத்தார் கெயித்தா அரசகுலத்தைப் பாடுதற்கு உரியோர். ஆதலின் தோற்றவனான சுமாவோரோவுக்காகப் பேசுவார் இக்கதையில் எவருமிலர். சேவலின் முள் பொருந்திய அம்பு அவனை வீழ்த்தியதென்பது காவியம் கூறும் காரணம். வரலாற்றாசிரியர் நோக்க வேண்டியது பூரேப் பகுதியின் பொன்னையும், தகாசாவின் உப்பையும், அவற்றைக் கொண்டுசென்ற பாலைவன வாணிகத்தையுமாம். நூல் இவற்றிற் போதிய கவனம் செலுத்தவில்லை.

இவை கொண்டு வாய்மொழியை முற்றாகத் தள்ளுவோரும் பிழைபடுவர். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய இபுனு கல்தூன், மாரி ஜாட்டா என்னும் மன்னன் சொசோ மக்களை வென்று இருபத்தைந்து ஆண்டு ஆண்டான் எனக் குறிக்கின்றார். ஆனால் அவரும் மாலிக்குச் சென்றவரல்லர். அந்நாட்டை அறிந்தோர் கூறக் கேட்டே எழுதினார். 1324இல் மான்சா மூசா மக்காவுக்குச் சென்ற வழியிற் கெய்ரோவில் வழங்கிய பொன்னைப் பற்றி அல் உமரி எழுதியதும் கேள்விச் செய்தியே. எழுத்தாவணமெனப் பெருமையுறுவதும் ஆதியில் வாய்மொழியாயிருந்ததெனின், ஒன்றை வரலாறென்றும் மற்றையதைக் கட்டுக்கதையென்றும் பிரித்தல் நேர்மையாகாது. இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தலே முறை.

காவியம் பெரிதும் வாய்திறவாதது வீழ்ச்சியைப் பற்றியே. பின்வந்த மன்னர் நிறுவிய ஊர்கள் அழிந்தன என்று இறுதியிற் சுருங்கக் கூறும் பாணர், காரணம் கூறாது அமைகின்றார். அதனை வேறிடத்தே தேடவேண்டும். 1352–53இல் மாலியில் தங்கிய இபுனு பதூதா, அந்நாட்டின் நீதியையும் வழிப்போக்கர்க்கிருந்த பாதுகாப்பையும் புகழ்ந்தார்; பறவையிறகு வேடம் பூண்டு அரசன்முன் பழம்புகழ் பாடிய பாணரையோ எள்ளினார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே அரியணைப் போட்டி முற்றியது. இரண்டாம் மாரி ஜாட்டா, அரச கருவூலத்துப் பெரும் பொற்கட்டியையும் விற்றுச் செலவழித்தான் என்கின்றார் இபுனு கல்தூன். 1433ஆம் ஆண்டளவில் திம்புக்து துவாரெக்கு மக்கள் கைப்பட்டது. 1468இல் அதனைச் சொங்காய் மன்னன் சுன்னி அலி கவர்ந்தான். அச்சொங்காய்ப் பேரரசும் 1591இல் தொண்டிபிப் போரில் மொரோக்கோவின் துப்பாக்கிப் படையால் முறிந்தது. மாலியின் பழம்பெருமையை மீட்க 1599இல் ஜென்னே நகரைத் தாக்கிய மன்னன் தோற்றுத் திரும்பினான்.

ஆகவே, நியானின் நூலை மாலியின் முழுவரலாறெனக் கொள்ளல் தகாது. தம்மைப் பற்றித் தாமே பேசும் உரிமை ஒரு மக்களுக்கு உண்டென நிறுவியதே அதன் பெறுமதி. அவ்வுரிமையை மதிப்போர் அவர்கள் பேச்சைக் கேட்டலோடு அமையாது, பிறர் எழுத்தை ஆராய்வது போன்றே அதனையும் ஆராய்தல் வேண்டும். நியான் பின்னர் யுனெஸ்கோவின் ஆபிரிக்கப் பொதுவரலாற்றின் நான்காம் தொகுதியைப் (1984) பதிப்பித்தார். பாணரின் சொல்லைக் கேட்டு எழுதியவர் அத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அத்தொகுதி சான்றாகும்.