பத்து அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா?

1955இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய துப்பாக்கி நிறுவனங்கள் ஒரே விட்டத்தில் ஆளுக்கொரு தோட்டாவை வெளியிட்டன. வின்செஸ்டருடையது .243, ரெமிங்டனுடையது .244. வேறுபாடு பெயரில்தான். இரண்டிலும் பறந்தது 6 மில்லிமீட்டர் குண்டு. வெடிமருந்து கொள்ளும் இடம் ரெமிங்டனின் பித்தளைக் கூட்டில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆனாலும் வென்றது வின்செஸ்டர். மான் வேட்டைக்காரர்களிடையே .243 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது; .244 என்று பொறித்த ரைபிளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்குப் பெரிய காரணம், குழலுக்குள்ளே ஒளிந்திருந்த ஓர் எண்.

ரைபிள் குழலின் உட்சுவரில் மரை வெட்டியிருக்கும். அதைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்கு எத்தனை அங்குலம் போகிறது என்பதுதான் முறுக்கு. எண் சிறியதானால் முறுக்கு வேகமானது. வின்செஸ்டர் 10 அங்குலம் வைத்தது, ரெமிங்டன் 12. வளை தோண்டும் சிறு பிராணிகளைத் தொலைவிலிருந்து சுடுவதுதான் ரெமிங்டனின் மனதில் இருந்தது. அதற்கு 75 கிரெயின், மிஞ்சினால் 90 கிரெயின் குண்டு போதும். வின்செஸ்டரோ 80 கிரெயினோடு 100 கிரெயினையும் சேர்த்தே கொடுத்தது. 100 கிரெயின் என்றால் ஏறத்தாழ ஆறரை கிராம். ஒரே ரைபிளில் எல்லாம் வேண்டும் என்ற மான் வேட்டைக்காரர்கள் அந்த 100ஐத்தான் கேட்டார்கள். 12 அங்குல முறுக்கு அதைத் தாங்காது என்ற பேச்சு பரவிவிட்டது. பின்னர் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக்கியது. 1963இல் அதே தோட்டாவுக்கு 6எம்எம் ரெமிங்டன் என்று புதுப்பெயரும் சூட்டியது. அதற்குள் சந்தை கைநழுவியிருந்தது.

எனக்கு இதில் ரெமிங்டன் மீது குறை சொல்லத் தோன்றுவதில்லை. சிறு குண்டுக்கு 12 அங்குலம் என்பது நல்ல தேர்வு. குழலில் மரையை வெட்டியபின் மாற்ற முடியாது; என்ன சுடப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவில்தான் இந்தக் கைவினையின் அழகெல்லாம் இருக்கிறது.

எடைக்கேற்ற முறுக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் முறுக்கைக் கேட்பது குண்டின் நீளம். பறக்கும் குண்டைக் காற்று தள்ளும் புள்ளி அதன் எடைமையத்துக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே மூக்கைப் புரட்டிவிடத்தான் காற்று எப்போதும் பார்க்கும். சுழற்சி மட்டுமே அதைத் தடுக்கிறது. குட்டையான, வயிறு பெருத்த பம்பரம் சோம்பலாகச் சுண்டினாலும் நிற்கும். ஒல்லியாக நெடிதாக இருப்பதற்கு ஓங்கிய சாட்டை வேண்டும். ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால்தான் எடையைச் சொல்லிப் பழகிவிட்டோம்.

இதை ஆர அமரச் சோதித்துப் பார்த்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த். அவர் காலத்து என்ஃபீல்டு ரைபிள் (1857இல் நம் சிப்பாய்களைக் கொந்தளிக்க வைத்த கொழுப்புத் தோட்டா இதற்கானதுதான்) .577 அங்குல விட்டமும் 78 அங்குல முறுக்கும் கொண்டது. விட்வொர்த் தன் வீட்டருகே ரஷோமில் 500 கஜ நீளத்துக்கு ஒரு கூடம் கட்டினார். குண்டு போகும் வழியில் மெல்லிய தாள் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளை, குண்டு அந்த இடத்தை நேராகக் கடந்ததா, தள்ளாடிக் கடந்ததா என்று காட்டிக்கொடுத்தது. கண்ணால் காணவே முடியாத ஒன்றைக் காகிதத்தில் எழுத வைத்த அந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் பரவசம்தான். கடைசியில் அவர் வந்து சேர்ந்தது .451 அங்குல விட்டத்தில் அறுகோணத் துளை, 20 அங்குல முறுக்கு. அவருடைய குண்டும் என்ஃபீல்டு குண்டைப் போலவே 530 கிரெயின்தான். எடை ஒன்று, ஒல்லியானதால் நீளம் கூடியது, முறுக்கு 78லிருந்து 20க்கு இறங்கியது. 1860 ஜூலையில் விம்பிள்டன் துப்பாக்கிப் போட்டியைத் தொடங்கி வைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்தார். 400 கஜம் தாண்டிய குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது.

இதற்கு ஓர் எளிய கணக்கு 1879இல் வந்தது. வுல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃப்ரட் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்தது. குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 150ஐ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை விட்டம் என்பது கிடைக்கும். .243 அங்குல விட்டத்தில் மூன்று மடங்கு நீளக் குண்டுக்குப் போட்டால் 50 விட்டம், அதாவது 12.15 அங்குலம். நான்கு மடங்குக்கு 9.1 அங்குலம். ரெமிங்டன் முதலில் வைத்த 12, பிறகு வைத்த 9! வேகமான தோட்டாக்களுக்கு 150க்குப் பதில் 180 போடுவார்கள்; நுட்பமான சூத்திரங்களும் பின்னால் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு பென்சிலோடும் துண்டுத் தாளோடும் இவ்வளவு கிட்டே கொண்டுபோய் விடுவது எனக்கு இன்னும் வியப்பு.

அமெரிக்க ராணுவத்தின் எம்16 இதே பாடத்தை இருமுறை படித்தது. முதலில் 55 கிரெயின் குண்டுக்கு 14 அங்குல முறுக்கு வைத்தார்கள். கடுங்குளிரில் சோதித்தபோது குண்டு நிலைகொள்ளவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, மூக்கை இன்னும் பலமாகத் தள்ளும். முறுக்கு 12 ஆனது. 1980களில் 62 கிரெயின் குண்டு வந்தபோது ஒரே தாவலாக 7. அந்தக் குண்டுக்கு 9 அங்குலமே போதும். கூடவே வந்த, பாதையை ஒளியால் காட்டும் டிரேசர் குண்டு எடையில் ஓரிரு கிரெயின்தான் அதிகம், நீளத்திலோ மிக அதிகம். 7 தேவைப்பட்டது அதற்காகத்தான். கலிபோர்னியாவில் காண்டர் கழுகுகளுக்கு ஈயம் நஞ்சாகிறது என்று 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டு முழுவதுமாகத் தடை செய்யப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்புக்கு 8.9தான். அதே எடையில் செம்புக் குண்டு நீளமாகிறது. முன்பு நன்றாகச் சுட்ட குழலுக்கே அது போதாமல் போகலாம்.

குழலில் பொறித்த எண்ணை நம்பாமல் தானே அளந்து பார்ப்பவர்கள் உண்டு. கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளி, கம்பியில் ஓர் அடையாளம் இட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். அடையாளம் ஒரு முழுச் சுற்று வந்ததும் எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்தால் முறுக்கு தெரிந்துவிடும். மரையில் தொய்வில்லாத குழலில் கம்பி சுழலும்போது விரல்களுக்குக் கிடைக்கிற சீரான உணர்வு தனிச் சுகம்.

அப்படியானால் எல்லாக் குழலுக்கும் வேகமான முறுக்கே வைத்துவிடலாமே? இங்கேதான் ரசிகனும் வெறும் பயனாளியும் பிரிகிறார்கள். எந்தக் குண்டும் முழுச் சமநிலையோடு பிறப்பதில்லை. எடைமையம் அச்சிலிருந்து அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகியிருந்தாலும், குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் சுழற்சி அதைப் பக்கவாட்டில் வீசிவிடும். 8 அங்குல முறுக்கில் இந்த வீச்சு 100 கஜத்தில் சுமார் 7 மில்லிமீட்டர். 14 அங்குல முறுக்கில் 4தான். வேட்டைக்காரருக்கு இது பொருட்டே அல்ல. ஐந்து குண்டையும் ஒரே துளைக்குள் போட நினைக்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளருக்கு இதுதான் வெற்றியும் தோல்வியும். 1,000 கஜத்துக்குச் சுடுகிறவர்கள் அதே 6 மில்லிமீட்டரில் 105 கிரெயின் நீளக் குண்டுக்காக 8 அங்குலக் குழல் வாங்குகிறார்கள். லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1970களில் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவைச் சுடுகிறவர்களோ, 68 கிரெயின் குட்டைக் குண்டுக்கு 14 அங்குலம் வைக்கிறார்கள். நிலைகொள்ள எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்; அதற்கு மேல் ஒரு சுற்றும் கொடுக்கமாட்டார்கள். கடல்மட்டத்து மைதானத்தில், காற்று அடர்ந்திருக்கும் குளிர்காலக் காலையில் 14 விளிம்பில் தடுமாறும் என்று தெரிந்தவர்கள், அதற்கென்று 13.5 அங்குலத்தில் ஒரு குழலைத் தனியாக வெட்டச் சொல்லி வைத்திருப்பார்கள்.