மகுடமும் மனைவியும்: 2021 'திருமதி ஸ்ரீலங்கா' போட்டி குறித்து ஒரு நோக்கு

அழகுராணிப் போட்டி விமர்சகனின் கவனத்துக்குரிய பொருளன்று என்பது பரவலான எண்ணம். புதினத்தாளின் கடைசிப் பக்கத்துப் படத்தோடு அது முடிந்துவிடுகிறது. ஆயின் அரங்கு, அவையோர், ஆடையணி, தீர்ப்பு, பரிசளிப்பு ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த ஓர் ஆற்றுகை என்ற வகையில் அதனை நோக்குமிடத்து, ஒரு சமூகம் வெளிப்படச் சொல்ல விரும்பாத பலவற்றை அது மேடையில் வைத்தே சொல்லிவிடுவதைக் காணலாம். ஒத்திகை பார்க்கப்பட்ட பகுதிகளை விட ஒத்திகை குலைந்த இடத்திலேயே இது துலக்கமாகப் புலப்படும். 2021 ஏப்ரல் 4ஆந் திகதி கொழும்பு தாமரைத் தடாக அரங்கில் நடைபெற்ற 'திருமதி ஸ்ரீலங்கா' போட்டி அவ்வாறு குலைந்த ஓர் ஆற்றுகையாகும்.

அன்றைய போட்டியிற் புஷ்பிகா டி சில்வா முதலிடம் பெற்றவராக அறிவிக்கப்பட்டு முடிசூட்டப்பட்டார். சிறிது வேளையில், முன்னர் அதே பட்டத்தை வென்று 'உலகத் திருமதி'யாகவும் தெரிவாகியிருந்த கரோலின் ஜூரி ஒலிவாங்கியின் முன் வந்தார். மணமாகி விவாகரத்துப் பெற்றவர்களுக்கு இப்பட்டத்தில் இடமில்லை என விதி உண்டென்றும், ஆதலின் கிரீடம் இரண்டாமிடத்தவருக்கே உரியதென்றும் கூறினார். கூறியதோடு நில்லாது, புஷ்பிகாவின் தலையிலிருந்து அதனைக் கழற்றி அடுத்தவர் தலையில் வைத்தார். புஷ்பிகா மேடையை விட்டு இறங்கிச் சென்றார். அவையில் அன்றைய பிரதமரின் பாரியார் ஷிரந்தி ராஜபக்ஷ இருந்தார்; அவரும் 1973இல் நாட்டின் அழகுராணியாகத் தெரிவானவரே. நிகழ்ச்சி தேசியத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டமையால் மறுநாள் உலகம் முழுவதும் அதனைப் பார்த்தது. பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். அமைப்பாளர்கள் மன்னிப்புக் கோரிக் கிரீடத்தை மீள அளித்தனர். தலையிற் காயமேற்பட்டதாகப் புஷ்பிகா தெரிவித்தார். கரோலின் ஜூரி கைதாகிப் பிணையில் வந்தார். சில நாட்களின் பின் உலகப் பட்டத்தையும் துறந்தார்.

இச்சம்பவத்தைப் பெரும்பாலோர் பண்பற்ற செயலாகவே கண்டனர். பொறாமை, அவமதிப்பு, மேடை நாகரிகமின்மை ஆகிய சொற்களே மிகுதியும் வழங்கின. அவை பொய்யல்ல, ஆயினும் போதியனவும் அல்ல. கிரீடம் கழற்றப்பட்ட முறை தவறு என்பதில் யாவரும் ஒன்றுபட்டனர். அது கழற்றப்பட்ட காரணம் தவறா என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா. அமைப்பாளர் அளித்த விளக்கம், புஷ்பிகா விவாகரத்துப் பெற்றவரல்லர், கணவரைப் பிரிந்து வாழ்பவர் மட்டுமே என்பதாகும். புஷ்பிகாவும் அதனையே வலியுறுத்தினார். தாம் விவாகரத்துப் பெற்றவர் என்பதற்கு ஆவணம் இருப்பின் காட்டுமாறு அறைகூவினார். ஆக, கிரீடம் மீண்டது விதி தவறானது என்பதனாலன்று, விதி அவருக்குப் பொருந்தவில்லை என்பதனாலேயே. பறித்தவரும் பறிகொடுத்தவரும் மீட்டளித்தவரும் விதியின் நியாயத்தைப் பொறுத்தவரை ஒரே பக்கத்தில் நின்றனர். உண்மையிலேயே அவர் விவாகரத்துப் பெற்றவராயிருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? மென்மையான குரலில், மேடைக்குப் பின்னால், அதே கிரீடம் திருப்பி வாங்கப்பட்டிருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

இவ்விடத்தில் ஒரு முரண் அவதானிக்கத்தக்கது. கிரீடத்தை மீளப் பெற்ற புஷ்பிகா, தம்மைப் போன்று தனித்துப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கு அதனை உரித்தாக்குவதாகக் கூறினார். முழு நிகழ்விலும் உள்ளத்தைத் தொட்ட சொல் இதுவே. ஆனால் அத்தாய்மாரிற் சட்டப்படி மணமுறிவு பெற்றோர் அப்போட்டியின் விண்ணப்பத்தைக்கூட நிரப்ப இயலாது. கணவனோடு வாழாதிருத்தல் பொறுத்துக்கொள்ளப்படுகின்றது. அவ்வாறு வாழவில்லை என்பதை நீதிமன்றத் தாளிற் பதிந்துகொள்ளுதலே குற்றமாகின்றது. ஒரு பெண்ணின் நேர்மை தண்டிக்கப்பட்டு அவளது காத்திருப்புப் பரிசளிக்கப்படும் இந்த ஏற்பாட்டினை அழகு பற்றிய மதிப்பீடு என அழைப்பது மிகைக்கூற்று.

'செல்வி' எனத் தொடங்கும் போட்டிகளும் இதற்கு விலக்கல்ல. அங்கு கணவன் இருத்தல் ஆகாது. இங்கு கணவன் இன்றியமையாதவன். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு விதிகளும் ஒரே அளவுகோலின் இரு முனைகளே. மேடையில் ஒருபோதும் ஏறாத அந்த ஆடவனே இரண்டிலும் முதல் நடுவனாக அமர்ந்திருக்கின்றான். ஆணழகன் போட்டியில் தசைநார்களை அளப்போர், மனைவி உளளா எனக் கேட்கும் வழக்கம் இல்லை. மணமானோரும் தாய்மாரும் பங்குபற்றலாம் எனப் 'பிரபஞ்ச அழகி'ப் போட்டி அமைப்பினர் 2022இல் அறிவித்து 2023 முதல் நடைமுறைப்படுத்தினர். சந்தையின் தேவை அதற்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும். எனினும் விதிகள் மாற்றவியலாத இயற்கை நியதிகள் அல்ல என்பதை அது காட்டிற்று.

இலங்கைக்கு இப்போட்டி புதிதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 'உலகத் திருமதி' பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் இந்நாட்டவரான ரோசி சேனாநாயக்க. அரசியலிற் புகுந்த அவர் 2018இற் கொழும்பு மாநகர முதல்வரானார். மணமான பெண்ணும் மேடைக்கு உரியவள் என்ற அளவில் அன்று அது ஒரு படி முன்னேற்றம் எனலாம். அந்தப் படியிலேயே விதி நின்றுவிட்டது.

மேடையிற் பெண்ணை மதிப்பிட்டுப் பரிசளிக்கும் வழக்கத்தைத் தமிழிலக்கியம் நன்கறியும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், ஏழாண்டு பயின்ற மாதவி பன்னிரண்டாம் வயதிற் சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோற் பட்டத்தையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையையும் பெறுகின்றாள். அவளது கலையை இளங்கோ எத்துணை விரிவாக வருணிக்கின்றார்! ஆனால் அம்மாலை அடுத்து எங்கே செல்கின்றது? நகர நம்பியர் திரியும் மறுகில் விலைக்கு நிற்கின்றது. வாங்குபவன் மாதவிக்கு உரியவனாகின்றான். பரிசு ஒரே நாளில் விலையாக மாறும் இவ்விடத்தை, நவீன அழகுராணிப் போட்டிகளை ஆராய முற்படுவோர் ஒருமுறை மீளப் படித்தல் நன்று. அன்று அவ்விலையைக் கொடுத்தவன் வணிகன் மகன் கோவலன். இன்று விளம்பர நிறுவனங்கள்.

அதே காப்பியத்தின் மற்றொரு பெண் இச்சம்பவத்துக்கு இன்னும் நெருங்கி நிற்கின்றாள். கண்ணகி கணவனாற் பிரியப்பட்டவள். ஆனால் மனைவி என்ற நிலையை விட்டு நீங்காதவள். அணிகளைத் துறந்து காத்திருந்தமையே அவளைத் தெய்வமாக்கும் வழியின் முதற்படி. கிழக்கிலும் வன்னியிலும் கண்ணகை அம்மனாகவும், சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வமாகவும் அவள் வழிபடப்படுவதால், இத்தீவின் இரு மொழியினரும் ஒருங்கே போற்றும் பெண்ணுருக்களுள் அவள் தலையாயவள். விவாகரத்துப் பெற்றவருக்கு இடமில்லை, பிரிந்து வாழ்பவருக்கு உண்டு என்ற போட்டி விதியை வகுத்தோர் சிலப்பதிகாரத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவ்விழுமியம் நூலிலிருந்தன்றி வீட்டிலிருந்தே கற்கப்படுகின்றது. மதுரையை எரித்த கண்ணகியை மறந்து, புகாரிற் காத்திருந்த கண்ணகியை மட்டும் இச்சமூகம் வைத்துக்கொண்டது போலும்.

விதியைக் காக்க முன்வந்தவர் ஒரு பெண்ணாயிருந்தமை சிலருக்கு நகைப்பைத் தந்தது. இதில் நகைக்க யாதுமில்லை. தந்தையாதிக்கக் குடும்பத்தின் ஒழுங்குகளை அன்றாடம் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மூத்த பெண்ணிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே முடிசூடியவர் புதிதாய்ச் சூடியவரின் தகுதியைப் பரிசோதிப்பது, மாமியார் மருமகளைப் பரிசோதிப்பதன் மேடை வடிவமே.

இத்தகைய விதியை ஒரு பொழுதுபோக்கு நிறுவனத்தின் அறியாமை என ஒதுக்குதலும் பொருந்தாது. நாட்டின் சட்டமே அதற்கு முன்மாதிரி. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு மூன்று காரணங்களையே ஏற்றது: மணத்தின் பின்னான சோரம், தீயெண்ணத்துடன் கைவிட்டுப் போதல், மணமானபோதே இருந்த தீராத இயலாமை. இருவர் ஒத்து வாழ முடியவில்லை என்பது அதன்படி காரணமாகாது. யாரேனும் ஒருவர் குற்றவாளியாதல் வேண்டும். கண்டிய விவாகச் சட்டம் இருவரின் இணக்கத்தின் பேரிற் பிரிய இடமளித்தது என்பது வேறு கதை. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண்ணொருத்தி 'பிரிந்து வாழ்பவள்' என்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவது பெரும்பாலும் அவளது விருப்பினால் அன்று.

இதனைக் கொழும்பு மேடையின் விவகாரமாக மட்டும் கருதும் தமிழ் வாசகர் வடக்கையும் நோக்குதல் வேண்டும். 2009இற் போர் முடிந்த பின்னர், கணவர் உளரோ இலரோ என்றறியாத பெண்கள் பலர் அங்கு வாழ்கின்றனர். கணவர் காணப்படாமையை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு 2016இற் சட்டம் இடமளித்தது. ஆயின் குங்குமம் இட்டாற் பேசும் ஊரும் இடாவிடிற் பேசும் உறவினரும் எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை. அவர்களை அழைக்கத் தமிழில் 'திருமதி' அன்றி வேறு மதிப்புச் சொல் வழக்கில் இல்லை. அச்சொல்லோ ஒவ்வொரு முறையும் இல்லாத ஒருவரைப் பற்றி விசாரிக்கின்றது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனது அசையாச் சொத்தைப் பராதீனஞ் செய்வதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வகுத்தது. அவன் கைவிட்டுப் போயிருப்பினும், இருக்குமிடம் தெரியாதிருப்பினும், தாய் தந்தையர் சீதனமாகக் கொடுத்த காணியை விற்க அவள் மாவட்ட நீதிமன்றத்தின் படியேறி அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையை வேண்டி நிற்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு.