போர் நடந்த தெருக்களில்

அண்மைக் காலமாகச் சென்னை மாநகரில் ‘மரபு நடை’ என்னும் வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்ட் 22ஆம் நாளை நகரின் பிறந்த நாளாகக் கொண்டாடி வருகின்றனர். அந்த வாரத்திலும், மயிலாப்பூர் விழா நடைபெறும் ஜனவரியிலும், விடியற்காலையில் பத்து இருபது பேர் ஒரு வழிகாட்டியின் பின்னே குறிப்பேடும் கையுமாகச் செல்வதைக் காணலாம். கோயில், குளம், திண்ணை வைத்த வீடு, பழைய அச்சகம் ஆகியவற்றோடு, போர் நடந்த இடங்களையும் குருதி சிந்திய தெருக்களையும் காட்டும் நடைகளும் இன்று உண்டு. நாம் ஈண்டுப் பேச விழைவது அவற்றைப் பற்றியே. எழுத்தின் போக்குக்கும் ‘நடை’ என்றே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆகவே, ஒரு நூலை மதிப்பிடுவது போன்று இவற்றையும் மதிப்பிடுவதில் பிழையில்லை.

அரபுக் கவிதை பயின்றோர்க்கு இவ்வழக்கம் புதிதன்று. இஸ்லாத்துக்கு முந்திய காலத்துக் கஸீதாக்களுள் பல, ‘அத்லால்’ எனப்படும் பாழிடத்தின் முன்னே வழித்துணைவரை நிறுத்துவதில்தான் தொடங்கும். கவிஞர் முதலில் இடத்தைத் துல்லியமாகச் சொல்வார். எந்த மணல்மேடு, எந்த நீரோடை என்பதில் ஐயம் வைக்க மாட்டார். பிறகு, அவ்விடத்தை விட்டுப் போனவரைப் பெயர் சொல்லி நினைப்பார். பின்னாளில் நகரங்களுக்கே இரங்கற்பா பாடும் துறையும் வளர்ந்தது. ஹிஜ்ரி 257இல் பஸ்ரா நகரம் சூறையாடப்பட்டபோது இப்னுர் ரூமி பாடியது அதற்குப் பெயர்பெற்ற சான்று. இடமும் பெயருமாகிய இவ்விரண்டையுமே அளவுகோலாகக் கொண்டு நாம் சென்னை நடைகளைப் பார்க்கிறோம்.

சாந்தோமிலிருந்து அடையாற்றின் முகத்துவாரம் வரை செல்லும் நடை ஒன்றில் மாணவர் சிலரோடு நாமும் கலந்துகொண்டோம். வழிகாட்டி நன்கு படித்தவர்; குரலும் தெளிவானது. பட்டினப்பாக்கத்துக் கரையில் எங்களை நிறுத்தி, எதிரே உடைந்து கிடக்கும் பாலத்தைக் காட்டி, 1746ஆம் ஆண்டின் அடையாற்றுப் போரை விவரித்தார். இடத்தைச் சொல்வதில் அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆற்றின் அகலம், அன்று பாலம் இல்லாத நிலை, எதிர்க்கரையின் மணல் ஆகிய யாவும் கண்முன் வந்தன.

அந்தப் போரின் செய்தி இதுதான். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையை ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் வசம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே வாக்களித்திருந்தார், வாக்கைக் காப்பாற்றவில்லை. நவாப் தம் மகன் மஹ்பூஸ் கானைப் பதினாயிரம் பேர் கொண்ட படையுடன் அனுப்பினார். கோட்டையிலிருந்து வெளிப்பட்ட ஒரு சிறு படையின் பீரங்கிகளுக்கு முன் நிற்கமாட்டாமல், மஹ்பூஸ் கான் சாந்தோமுக்குப் பின்வாங்கினார். புதுச்சேரியிலிருந்து பாரதி என்னும் தளபதி வரும் செய்தி கிட்டவே, அடையாற்றின் வடகரையில் அணிவகுத்தார். பழைய நாட்காட்டியின்படி அக்டோபர் 24, ஹிஜ்ரி 1159 ஷவ்வால் மாதம், பாரதியின் படை ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தது. ஒரு முறை சுட்டுவிட்டுத் துப்பாக்கி முனைக் கத்திகளோடு பாய்ந்தது. நவாபின் படை சிதறிற்று.

பதினாயிரம் பேர் ஆயிரம் பேருக்கு அஞ்சி ஓடினர் என்று வழிகாட்டி கூறியதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் அதை எதிர்பார்த்தே சற்று நிறுத்தினார் என்பது நமக்குத் தோன்றியது. நம் திறனாய்வு இங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஆயிரம் பேர் யாவர்? ஐரோப்பியர் 230 பேரளவினர். எஞ்சிய 700 பேரும் இந்நாட்டுச் சிப்பாய்கள். நாலில் மூன்று பங்கினர் நம் மண்ணின் மக்களாயிருக்க, ‘ஐரோப்பியர் இந்தியரை வென்ற போர்’ என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? பயிற்சி பெற்ற படை பயிற்சியற்ற படையை வென்றது என்பதே உண்மை. பீரங்கியை விரைவு விரைவாகச் சுடலாம் என்பதையே நவாபின் படையினர் அறிந்திருக்கவில்லை. ஆர்ம் என்னும் ஆங்கிலேயர் எழுதியதையும், நூறாண்டுக்குப் பின் மாலிசன் இப்போரை இந்தியாவின் தீர்வுப் போர்களில் முதலாவதாக வைத்ததையும் வழிகாட்டி எடுத்துரைத்தார். ஆனால், அதே நாட்களில் புதுச்சேரியில் டூப்ளேயின் அருகிலிருந்து தமிழிலேயே நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைக்கூட அவர் உச்சரிக்கவில்லை. தமிழில் நடத்தும் நடைக்குத் தமிழ்ச் சான்று தேவைப்படாமற்போனது நமக்கு வியப்பே.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிதறிய படை சாந்தோமின் குறுகிய தெருக்களுக்குள் புகுந்தது. குதிரையும் ஆளும் மூட்டையும் நெருக்குண்டு வெளியேற வழியின்றித் தவிக்கையில், பின்தொடர்ந்தவர் அந்நெரிசலுக்குள்ளேயே சுட்டனர். மடிந்தோரில் மிகப் பலர் மடிந்தது ஆற்றங்கரையில் அன்று, தெருவில். நாமோ அத்தெருக்களின் வழியாகத்தான் திரும்பி நடந்தோம். வழிகாட்டி அங்கு ஒரு பழைய வீட்டின் வளைவைக் காட்டினாரேயன்றி, இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ‘இப்ரத்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் படிப்பினை என்று பொருள் சொல்கிறோம். அதன் வேர்ச்சொல்லுக்கோ ‘கடத்தல்’ என்று பொருள். கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றுக்குக் கடந்து செல்வது அது. சிரித்துவிட்டுத் திரும்பியவர் கரையிலேயே நின்றுவிட்டவர் ஆவார்.

நவாபின் மகனைப் புகழவில்லை என்பதற்காகவே நாம் வருந்துகிறோம் என்று வாசக நேயர் எண்ணிவிட வேண்டா. மஹ்பூஸ் கான் திறமையுள்ள படைத்தலைவர் அல்லர். தம்மவர் என்பதற்காக மறைப்பது நம் முன்னோர் வழியுமன்று. இப்னு பதூதா மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் விருந்தினராக இருந்தவர். சுல்தானும் அவரும் சகோதரிகள் இருவரை மணந்த உறவுடையோர். எனினும், போரில் பிடிபட்டவரைப் பெண்டிர் பிள்ளைகளோடு சுல்தான் கொல்வித்த கொடுமையைத் தம் பயணநூலில் அவர் ஒளிக்காமல் எழுதி, அது அருவருக்கத்தக்க செயல் என்று வன்மையாகக் கண்டித்திருக்கிறார். உறவையும் உண்ட சோற்றையும் பாராது எழுதிய அந்தப் பேனாவையே போர்த்தலம் காட்டுவோர் அனைவரிடமும் நாம் எதிர்பார்க்கிறோம். அவர் எவ்வினத்தவராயினும் சரியே.

எம்டன் கதைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தருகே வந்து நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குகளை எரித்துச் சென்றது. மாண்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். உயர்நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு உண்டு. தமிழில் ‘எம்டன்’ என்று ஒரு சொல்லே பிறந்துவிட்டது. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்னும் செய்தியைச் சான்றில்லாமல் இன்றும் சொல்லி வருகின்றனர். கேட்பதற்கு இனிமைதான். அடையாற்றுப் போருக்கோ நாம் நடந்த வழியில் ஒரு கல்லையும் காணவில்லை.

1942ஆம் ஆண்டின் கதையும் இவ்வாறே சொல்லப்படுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசினர். உடனே சென்னை அரசு தன் அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது, மக்கள் ரயிலேறினர், தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்ற செய்தியைக் கூறாத வழிகாட்டி இல்லை. அதே மாதங்களில் பல இலட்சம் இந்தியர் பர்மாவிலிருந்து அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்துகொண்டிருந்தனர். பல்லாயிரவர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தனர். ரங்கூனில் வணிகம் செய்த நம் சமுதாயத்தார் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தனர் என்பதை நம் இல்லங்களின் மூத்தோர் அறிவார்கள். ‘பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்’ என்று பாட்டனாரைப் பற்றிச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சிங்கத்துக்கு இரங்கும் நடை இவர்களையும் ஒரு வாக்கியத்தில் நினைக்கலாகாதா?

பெயர்களோடு கூடிய இடமும் ஒன்று உண்டு. பரங்கிமலையை அடுத்த நந்தம்பாக்கத்தில், 1952இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கின்றனர். கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறது. எவர் போனாலும் ஒரு நாழிகை பேசாமல் நிற்பர். அங்கே சென்ற நடையில் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வழிகாட்டியின் திறத்தினால் அன்று. கல்லில் பெயர் இருந்ததனால்.

இந்நகரிலேயே பெயர் தெரிந்தும் கல் காணாத நால்வர் உளர். வக்கம் அப்துல் காதர் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர். மலேயாவில் இந்திய விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, பினாங்கில் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கியபோது பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் அவரும், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்டனர். அப்துல் காதருக்கு அப்போது வயது 26. அந்தச் சிறை 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டது; 2009இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் எழுந்துள்ளன. நாம் சென்ற எந்த நடையும் அவ்விடத்தில் நின்றதில்லை. தொலைவு ஒரு தடையன்று. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறிப் பார்க் டவுன் நிலையத்தில் இறங்கினால், கல்லூரி அருகிலேயே இருக்கிறது.