‘அடிமை’ என்றால் எசமான் யார்?
உணவும் உயிரணு முதுமையும் குறித்து ஒரு வாசிப்பு

‘உணவு அடிமைத்தனம்’ என்கிற சொல் இன்று மருத்துவர் அறையிலிருந்து வாரப்பத்திரிகைவரை புழங்குகிறது. கூடவே இன்னொன்று: ‘உயிரணு முதுமை’. இனிப்புத் தின்கிறவர் நோயாளி மட்டுமல்ல, தன் வயதை மீறி உள்ளுக்குள் கிழடாகிறவரும்கூட என்கிறார்கள். இவ்விரண்டு சொற்களையும் சேர்த்து வாசிக்க என்னைத் தூண்டியது எந்தக் கோட்பாடும் அல்ல, என் அம்மா. ஜவுளிக்கடையில் இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். நாலு மணி டீயோடு அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட். ராத்திரி வீடு வந்து சேரும்வரை அதுதான் ஆகாரம். சர்க்கரை வந்தபிறகு டாக்டர் நாலு பேர் முன்னாடி கேட்டார்: “ஏம்மா, வாயைக் கட்டமாட்டியா?” வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அவள் என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தாள். உழைக்கிறவர்களைப் பாராட்டப் பயன்பட்ட ஒரு சொற்றொடர் குற்றச்சாட்டாகத் திரும்பிய இடம் அது.

முதலில் அறிவியல் பிரதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குரோமோசோம்களின் நுனிகளுக்கு டெலோமியர் என்று பெயர். பாய் பிரிந்துவிடாமல் ஓரத்தை மூட்டித் தைத்திருப்பதுபோல அவை குரோமோசோமைக் காக்கின்றன. உயிரணு பிளவுபடும் ஒவ்வொரு முறையும் இந்த ஓரம் கொஞ்சம் குறுகுகிறது. ரொம்பவும் குறுகிவிட்டால் உயிரணு பிளவுபடுவதை நிறுத்திக்கொள்கிறது. இதைக் கண்டுசொன்னதற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

2014இல் பிளாக்பர்னும் எலிஸ்ஸா எபெலும் இடம்பெற்ற கலிபோர்னியக் குழு ஒன்று, 5,309 அமெரிக்கர்களின் ரத்த வெள்ளணுக்களை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டது. தினமும் சுமார் 600 மில்லி சர்க்கரை சோடா குடிப்பதோடு, 4.6 வருட முதுமைக்குச் சமமான டெலோமியர் குறுக்கம் சேர்ந்து காணப்பட்டது. ‘சேர்ந்து காணப்பட்டது’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவை அளந்த ஆய்வு இது. சோடாவால்தான் குறுகியது என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் செய்தியாக வெளிவரும்போது இந்தத் தயக்கம் காணாமல் போய், ‘குடித்தாய், கிழடானாய்’ என்கிற தீர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது.

இதே எபெலும் பிளாக்பர்னும் பத்து வருஷம் முன்பு, 2004இல், 58 தாய்மார்களை ஆராய்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளைப் பராமரித்தவர்கள். மிகுந்த மன அழுத்தத்தை உணர்ந்தவர்களின் டெலோமியர், குறைவாக உணர்ந்தவர்களைவிடக் குறைந்தது பத்து வருட முதுமைக்குச் சமமாகக் குறுகியிருந்தது. அப்படின்னா உயிரணுவில் பதிவாவது நாக்கின் சபலம் மட்டும்தானா? தனியாகச் சுமக்கிற பாரமும் அல்லவா? இவர்களிருவரும் 2017இல் பொதுவாசகர்களுக்காக எழுதிய ‘த டெலோமியர் எஃபெக்ட்’ நூலில் வறுமையும் வசிப்பிடமும் பேசப்படாமல் இல்லை. ஆனால் தியானம், தூக்கம், உணவு என்று தனிமனிதருக்கான யோசனைகள் முன்னால் வந்துவிட, சமூகம் கடைசிப் பகுதிக்குப் போய்விடுகிறது. இந்த வரிசைக்கிரமமே ஒரு அரசியல் என்பது என் வாசிப்பு.

இனி ‘அடிமை’. யேல் பல்கலைக்கழகத்தில் 2009இல் உருவான உணவு அடிமைத்தன அளவுகோல், போதைப்பழக்கத்துக்கான அளவைகளை உணவுக்குப் பொருத்திப் பார்த்தது. 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சை நடக்கட்டும். என் கேள்வி வேறு. நிறுத்த முடிகிறதா, குற்றவுணர்வு வருகிறதா என்று தின்கிறவரைத்தான் கேட்கிறோம். தயாரித்தவரை யார் கேட்பது?

கெவின் ஹால் குழுவின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இங்கே முக்கியமாகிறது. 20 பேரை நாலு வாரம் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் தின்னலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்று கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். அதே ஆட்கள், அதே மனவுறுதி. மாறியது தட்டு மட்டுந்தான்.

தட்டுக்குப் பின்னால் யார்? மார்ல்பரோ சிகரெட் விற்ற பிலிப் மாரிஸ் 1985இல் ஜெனரல் ஃபுட்ஸையும் 1988இல் கிராஃப்டையும் வாங்கியது. கிராஃப்ட் 2007வரை அதன் பிடியில் இருந்தது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்கிற இன்னொரு புகையிலை நிறுவனம் 1985இல் நபிஸ்கோ பிஸ்கட்டோடு இணைந்தது. பழக்கப்படுத்தி விற்பதில் தேர்ந்த கை சமையலறைக்குள் வந்த வரலாறு இது. ‘அடிமை’ என்று சொல்லிக்கொண்டே எசமானின் பெயரை விழுங்கிவிடுகிற சொல்லாடலை வேறெப்படிப் புரிந்துகொள்வது?

மணிமேகலையில் காயசண்டிகைக்கு வருவது யானைத்தீ, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. முனிவரின் கனியைச் செருக்கோடு மிதித்ததாக அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆனாலும் பசி அவள் நாக்கில் பிறந்ததல்ல. சபிக்கும் அதிகாரம் பெற்ற ஒருவன் அவள்மேல் ஏற்றியது. அது தீர்ந்ததும் உபதேசத்தால் அல்ல, மணிமேகலை இட்ட சோற்றால். நோயை நோயென்றும் சாபத்தைச் சாபமென்றும் பிரித்துச் சொல்கிற நிதானம் சாத்தனாருக்கு இருந்தது.

நம் தரப்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் என்பதே சொல்லாடல்தான் என்று சொல்லி முடித்துவிடுவது நமக்குச் சுலபம். அம்மாவின் கால்புண் சொல்லாடல் அல்ல. இன்னொரு பக்கம் ‘பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்’ என்கிற குரல். யாருடைய பாரம்பரியம்? யார் வீட்டு அடுப்பில், எந்தப் பெண் இடுப்பொடிய ஆட்டி அரைத்தது? மாட்டுக்கறிக்கு அதில் இடமுண்டா? இதையெல்லாம் கேட்காமல் கம்பங்கூழைப் புனிதப்படுத்துவதும் ‘வாயைக் கட்டு’ என்பதன் இன்னொரு வடிவம்தான்.

சிலி நாடு 2016இல் வேறு வழியில் போனது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. பள்ளிகளில் அவற்றை விற்கத் தடை. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு. ஒன்றரை வருஷத்தில் இனிப்புப் பானங்கள் வாங்குவது ஏறக்குறைய 24 சதவீதம் குறைந்தது. மக்களின் டெலோமியரை அது நீட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்ற நாக்கை இறக்கிவிட்டுப் பொட்டலத்தை ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

உட்கார ஒரு ஸ்டூலும், நாலு மணிக்குச் சாப்பிட அரைமணி நேரமும், கையில் நாலு காசும் இருந்திருந்தால் அம்மா அந்தப் பாக்கெட்டைப் பிரித்திருப்பாளா? உணவு அடிமைத்தனம் பற்றிய விவாதத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் மறுத்தும் எழுதலாம்.